காட்டுப்பன்றித் தொல்லை: உயிர்ப்பலி இல்லாமல் பயிரைக் காப்பது எப்படி?

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். ‘புங்கே-கிரிசார்’ என்ற தோட்டத்தின் பெயர்தான் மக்கள் வாயில் சுருங்கி ‘பங்சார்’ ஆனது என்று சொல்லப்படுகிறது. பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று அடுக்ககங்களும் உணவகங்களும் நிற்கின்றன. ஆனாலும் புக்கிட் பெர்செகுத்துவான், புக்கிட் கியாரா, புக்கிட் காசிங் என்று மாநகரின் நடுவிலும் ஓரத்திலும் பச்சைத் திட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் காட்டை ஒட்டிய வீடமைப்புப் பகுதிகளில் இரவில் குப்பைத்தொட்டி கவிழ்வதும், பந்திங், கோல சிலாங்கூர், உலு லங்காட் பக்கம் செம்பனைக் கன்றும் மரவள்ளியும் வேரோடு பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் ஒரே விலங்கின் வேலை. அது காட்டுப்பன்றி.

பன்றி ஓர் இரவில் ஒரு பாத்தியை அழிக்கும். அந்தப் பாத்தியை நம்பி இருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அது சிறிய இழப்பல்ல. ஆனால் கோபத்தில் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும், புதரில் கண்ணி வைப்பதும் பன்றியைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டு வருகின்றன. பன்றிக்குக் கட்டிய கம்பியில் பக்கத்து நிலத்துக்காரரோ, பால் வெட்டப் போனவரோ, சில நேரம் கம்பியைக் கட்டியவரேயோ மாண்டுபோன செய்திகள் இந்நாட்டுத் தோட்டப்புறங்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. பயிரையும் ஆளையும் சேர்த்துக் காக்கும் வழிகள் இருக்கின்றன. அவற்றை வரிசைப்படி செய்தால்தான் பலன் கிடைக்கும்.

பன்றி ஏன் பெருகுகிறது?

தீபகற்ப மலேசியாவில் காணப்படுவது ‘சுஸ் ஸ்குரோஃபா’ என்ற அறிவியல் பெயர் கொண்ட காட்டுப்பன்றி. சபா, சரவாக் காடுகளில் வாழும் தாடிப்பன்றி வேறு இனம். காட்டுப்பன்றிகள் பெண் பன்றிகளின் தலைமையில் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் பன்றி பெரும்பாலும் தனியாக அலையும். சினைக்காலம் சுமார் 115 நாள்கள்தான். ஓர் ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். தீனி தாராளமாகக் கிடைத்தால் பெண் குட்டி ஒரு வயதிலேயே சினை பிடிக்கத் தயாராகிவிடும். ஆகவே ஒன்றிரண்டைச் சுட்டாலும் தீனி இருக்கும்வரை எண்ணிக்கை விரைவில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

தீனி எப்படிப் பன்றியைப் பெருக்குகிறது என்பதற்கு நெகிரி செம்பிலான், பாசோ வனக்காப்பகம் நல்ல எடுத்துக்காட்டு. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்தக் காட்டில் 1996-ஆம் ஆண்டு ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 1998-இல் அது 27. இயற்கைக் காட்டுக்கு இவை இரண்டுமே மிக அதிகம். தோட்டத்துச் செம்பனைப் பழத்தைத் தின்று பெருகிய பன்றிகள், குட்டி போடக் கூடு கட்டுவதற்காகக் காட்டின் உட்பகுதியில் இளங்கன்றுகளை ஒடித்துக் குவித்தன. 24 ஆண்டு ஆய்வுக் காலத்தில் காட்டு மரக்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததற்கு இதுவே காரணம் என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. தோட்டத்தில் உதிர்ந்த பழம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள காட்டையே பாதித்திருக்கிறது.

வேட்டையாடும் விலங்குகள் குறைந்ததும் ஒரு காரணம். காட்டுப்பன்றி புலியின் முக்கிய இரைகளில் ஒன்று. ஆனால் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு.

சேதம் செய்தது பன்றிதானா?

செலவு செய்வதற்கு முன் எந்த விலங்கு வருகிறது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறும். ஏர் உழுத மாதிரி நிலம் புரண்டு கிடந்தால் அது பன்றியின் வேலை. குளம்புத் தடத்தில் முன்னால் இரண்டு அகன்ற குளம்புகளும், ஈரமண்ணில் பின்பக்கம் இரு சிறு புள்ளிகளும் பதிந்திருக்கும். அருகில் சேற்றுக் குழியும், சேறு பூசிய மரத்தண்டும் இருக்கும். உடம்பை உரசிய தண்டில் முரட்டு மயிர் ஒட்டியிருப்பதும் உண்டு.

செம்பனைக் கன்றின் அடியில் பல் பதித்துக் கொறித்த தடம் தெளிவாகத் தெரிந்தால் அது முள்ளம்பன்றியாகவோ எலியாகவோ இருக்கலாம். பழக்குலையும் மக்காச்சோளமும் மட்டும் போயிருந்தால் குரங்கையும் சந்தேகிக்க வேண்டும். எலிக்குப் பன்றி வேலி பயன்படாது. குரங்கு எந்த வேலியையும் ஏறிவிடும். பன்றி என்று உறுதியானால், எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எதைத் தின்கிறது என்பவற்றைத் தேதியோடு குறித்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுக்கும்போது இந்தக் குறிப்பு பெரிதும் கைகொடுக்கும்.

முதல் வேலை: தீனியை நிறுத்துவது

பன்றியின் மோப்ப சக்தி மிகவும் கூர்மையானது. ஒரு முறை தீனி கிடைத்த இடத்துக்கு அது மீண்டும் வரும். தோட்டத்தில் பழம் வெட்டிய பிறகு உதிரிப்பழத்தை அன்றன்றே பொறுக்கி எடுத்தால், நிறுவனத்துக்கு எண்ணெய் மிச்சமாவதோடு பன்றிக்கும் தீனி குறையும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழை ஆகியவற்றை அறுவடை செய்த பின் கழிவுக் கிழங்கையும் அழுகிய காயையும் நிலத்தின் ஓரத்தில் கொட்டி வைக்கக் கூடாது. டுரியான், பலா, சிக்கு போன்றவற்றின் விழுந்த பழங்களையும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். காட்டுக்கும் பயிருக்கும் இடையே புதரை வெட்டி வெளியாக வைத்திருந்தால், மறைவின்றி நடக்கப் பன்றி தயங்கும்.

பட்டணத்திலும் இதே விதிதான். மூடியில்லாத குப்பைத்தொட்டி, உணவகத்தின் பின்புறம் குவியும் மிச்சம், தெருநாய்க்கும் பூனைக்கும் இரவில் வைத்துவிட்டுப் போகும் சோறு, கோயில் திருவிழா முடிந்த பிறகு கிடக்கும் தேங்காயும் வாழைப்பழமும் எல்லாமே பன்றிக்கு அழைப்புதான்.

வேண்டுமென்றே தீனி போடுவது இன்னும் கெடுதல். 2021-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவின் டாமன்சாரா பெர்டானாவில், அடுக்ககங்களுக்கும் கடைகளுக்கும் அருகே காட்டுப்பன்றிகள் பட்டப்பகலில் சுற்றித் திரிந்த காணொளிகள் பரவின. சிலர் அவற்றுக்கு உணவு கொடுத்தனர். மனிதருக்குப் பழகிவிட்ட அந்தப் பன்றிகளை அதிகாரிகள் சுட்டபோது, விலங்கு ஆர்வலர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அன்போடு போடும் ஒரு கைப்பிடிச் சோறும் கடைசியில் அந்த விலங்கின் உயிருக்கே உலையாகலாம்.

இரண்டாவது வேலை: வேலி

பன்றி தாண்டுவதைவிட அடியில் புகுவதில் கெட்டிக்காரன். அதனால் வேலியின் உயரத்தைவிட அதன் அடிப்பகுதிதான் முக்கியம். உறுதியான கம்பிவலையை சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கட்டி, கீழ்ப்பகுதியை ஓர் அடி ஆழம் மண்ணில் புதைக்கலாம். அல்லது வெளிப்பக்கமாக மடக்கித் தரையோடு முளையடித்து இறுக்கலாம். கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய வலை தாங்காது. பிஆர்சி வலை நீண்ட காலம் உழைக்கும். பழைய கூரைத் தகரத்தை நெருக்கமாக நட்டு மறைப்பதும் சிறிய காய்கறித் தோட்டத்துக்குப் போதுமானது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் பன்றி முட்டிப் பார்ப்பது குறைகிறது.

நிலம் முழுவதையும் அடைக்க முடியாதவர்கள் அதிக இழப்பு தரும் பகுதியை மட்டும் அடைக்கலாம். செம்பனை மறுநடவில் நட்ட முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் ஆபத்தானவை. அப்போது பன்றி கன்றைச் சாய்த்து அதன் குருத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலைக் கூடு வைத்து, அதை முளையால் தரையில் இறுக்கினால் அந்தக் காலத்தைத் தாண்டிவிடலாம். அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சுற்றுவேலி போட்டால் ஆளுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும். வேலி போட்டபின் வாரம் ஒரு முறையாவது சுற்றி வந்து பார்க்க வேண்டும். பன்றி ஒரே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் மொத்த வேலியும் வீண்தான்.

மின்வேலி: இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்

‘மின்வேலி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் வழங்குகின்றன. முதலாவது, எனர்ஜைசர் என்ற கருவியோடு கூடிய வேலி. அது மின்கலத்திலோ சூரிய ஒளித் தகட்டிலோ இயங்கும். சுமார் ஒரு வினாடிக்கு ஒரு முறை, மிக மிகக் குறுகிய துடிப்பாக மட்டுமே மின்சாரத்தை அனுப்பும். தொட்டவருக்குச் சுரீரென்று வலிக்கும். ஆனால் துடிப்புகளுக்கு இடையே கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும். பன்றிக்கு மூக்கு உயரத்தில் படும்படி, தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டரில் ஒரு கம்பியும் 45 சென்டிமீட்டரில் இன்னொரு கம்பியும் இழுப்பது வழக்கம். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேலியின் வலு குறைந்துவிடும். ஆகவே அடிப்புல்லை அடிக்கடி வெட்ட வேண்டும். தரப்படுத்தப்பட்ட கருவியை விவரம் தெரிந்தவரைக் கொண்டு பொருத்தி, தமிழ், மலாய் உள்ளிட்ட மொழிகளில் எச்சரிக்கைப் பலகையும் மாட்ட வேண்டும்.

இரண்டாவது, வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது. அதை வேலி என்று சொல்லவே கூடாது, அது கொலைக்கருவி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் ஓடுவது. தொட்டவரின் கைத்தசை இறுகிக் கம்பியைப் பற்றிக்கொள்ளும். விட நினைத்தாலும் கை விடாது. விடியற்காலை ஈரமண்ணில், வெறுங்காலோடு நடப்பவருக்கு இதயத்துடிப்பு குலைய நேரம் ஆகாது. கிழங்கு தோண்ட வரும் பாட்டிக்கும், பந்து எடுக்க ஓடிவரும் பிள்ளைக்கும், மீன் பிடிக்கப் போகும் அண்டை கம்போங்காரருக்கும் அந்தக் கம்பி அங்கே இருப்பது தெரியாது.

அப்படி ஒரு மரணம் நேர்ந்தால், ‘பன்றிக்குத்தான் வைத்தேன்’ என்ற விளக்கம் காப்பாற்றாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். சூழ்நிலையைப் பொறுத்து இன்னும் கடுமையான குற்றச்சாட்டும் வரலாம். இரண்டு குடும்பங்கள் ஒரே இரவில் நிலைகுலைந்துபோகும்.

கம்பியில் யாராவது சிக்கியிருப்பதைக் கண்டால், தொட்டு இழுக்கவே கூடாது. முதலில் மின்சாரத்தை மூலத்தில் நிறுத்த வேண்டும். பிறகு 999-ஐ அழைக்க வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாண்டுபோவது இப்படிப்பட்ட விபத்துகளில் நேர்வதுதான்.

விரட்டுவது எவ்வளவு நாள் பலிக்கும்?

தினைப்புனத்தைப் பன்றியிடமிருந்து காப்பது தமிழருக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தின் குறிஞ்சி நிலமே பரணும் கவணும் தட்டையுமாகத்தான் காட்சி தருகிறது. தகரம் தட்டுவது, தீ மூட்டுவது, விளக்கு எரியவிடுவது, வானொலியைப் பாடவிடுவது ஆகிய எல்லாம் இன்றும் சில நாள்கள் பலிக்கும். பிறகு, சத்தம் வருகிறது, ஆனால் ஆபத்து வரவில்லை என்பதைப் பன்றி புரிந்துகொள்ளும். அதனால் இவற்றை அறுவடைக்கு முந்திய இரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்துக்கு மட்டும், இடத்தையும் முறையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. நாயை ஏவிவிடுவது ஆபத்து. ஆண் பன்றியின் தந்தம் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். காயம்பட்ட பன்றி நாயின் பின்னால் வரும் ஆளையும் தாக்கும்.

கண்ணி, வெடி, விஷம் வேண்டாம்

கம்பிக் கண்ணிக்குப் பன்றி எது, மற்றது எது என்று தெரியாது. தாப்பிர், கரடி, புலி, அண்டை வீட்டு நாய் என எதுவானாலும் அதில் மாட்டும். காட்டில் கண்ணி வைப்பது மட்டுமல்ல, கண்ணியை வைத்திருப்பதே கடும் அபராதமும் சிறையும் தரும் குற்றம்.

வெடி நிரப்பிய பழத்தின் கொடுமையை உலகமே கண்டது. 2020 மே மாதம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், சினையாக இருந்த ஒரு யானை அப்படிப்பட்ட வெடியைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே உயிர்விட்டது. காட்டுப்பன்றிக்காக அந்த வட்டாரத்தில் வைக்கப்படும் பொறியே அது. விஷமும் அப்படித்தான். அதைத் தின்னும் நாயும் உடும்பும் செத்த உடலைக் கொத்தும் பருந்தும் சாகும். மழையில் கரைந்தால் ஓடைக்கும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்பத்தில் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 716-இன்படி, காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் அதை வேட்டையாடக் கூடாது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. துப்பாக்கிக்குப் போலீசிடம் தனி உரிமம் வேண்டும். இரவல் துப்பாக்கியும் உள்ளூரில் செய்த துப்பாக்கியும் வழக்கில்தான் கொண்டுபோய் விடும். ‘என் நிலம், என் பயிர்’ என்று தானாக முடிவெடுக்காமல், வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடம் முதலில் கேட்பதே பாதுகாப்பு. அதன் தொலைபேசி எண் 1-800-88-5151.

புகாரில் இடம், தேதி, எத்தனை பன்றிகள், என்ன சேதம், அருகில் பள்ளியோ வீடோ உள்ளதா என்பவற்றைச் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பத்துப் பேர் வாய்ப்புகார் சொல்வதைவிட, குடியிருப்பாளர் சங்கமோ தோட்ட நிர்வாகமோ படங்களோடு ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. பட்டணத்தில் குப்பை, புதர் தொடர்பான பகுதியை மாநகர் மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

மற்ற இடங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. கேரளாவில் 2022 முதல், ஊருக்குள் புகும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் தூரக் கணக்கு வைத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடுவது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. எங்கும் ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்க இடமில்லை.

எதிரே வந்தால்

பன்றியை நேருக்கு நேர் கண்டால் ஓடவும் கூடாது, கல் எறியவும் கூடாது. அது தப்பிக்க வழிவிட்டு, மெதுவாகப் பின்வாங்கி, மரத்தின் பின்னாலோ உயரமான இடத்திலோ நின்றுகொள்ள வேண்டும். கோடு போட்ட குட்டிகள் தெரிந்தால் தாய் அருகில்தான் இருக்கும். இடையில் போகக் கூடாது.

தோட்டச் சாலையில் இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பன்றி பெரிய ஆபத்து. ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் சில வரும் என்றே நினைத்து நின்றுவிட வேண்டும். செம்பனை அடர்ந்த இடங்களில், முக்கியமாக விடியலுக்கு முன் வேலைக்குப் போகிறவர்கள், வேகத்தைக் குறைப்பதே ஒரே காப்பு.

செத்த பன்றியும் இறைச்சியும்

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மலேசியாவில் 2021 பிப்ரவரியில் முதன்முதலாக சபாவில் உறுதிப்படுத்தப்பட்டது. அதே ஆண்டின் கடைசியில் தீபகற்பத்துக்கும் வந்தது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிகளை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றுவிடும், மருந்தும் கிடையாது. கிருமி இறைச்சியிலும் செருப்பு, வாகனச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய சேற்றிலும் பயணம் செய்யும். அதனால் காயமின்றிச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தஞ்சோங் செப்பாட் போன்ற பண்ணைப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

காட்டுப்பன்றி வறுவல் தோட்டத்துச் சமையலில் பெயர் பெற்றதுதான். ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத இறைச்சியை வாங்குவது சட்டச் சிக்கலையும் நோயையும் சேர்த்து வாங்குவதற்குச் சமம். காட்டுப்பன்றி இறைச்சியில் புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காட்டில் உண்ணவே கூடாது.

பல இனத்தவர் சேர்ந்து வாழும் குடியிருப்பில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முஸ்லிம் அண்டை வீட்டாருக்குப் பன்றியின் உடலும் இரத்தமும் மார்க்க முறைப்படி கழுவித் தூய்மைப்படுத்த வேண்டிய அசுத்தம். பொதுச் சாக்கடையில் இரத்தத்தைக் கழுவி விடுவதும், சாலையோரத்தில் உடலைப் போட்டுவிட்டுப் போவதும் தேவையில்லாத மனக்கசப்பைத் தரும். சாலையில் அடிபட்டுக் கிடந்தால் உடனே ஊராட்சி மன்றத்துக்குச் சொல்லி அகற்றச் செய்வது நல்ல அண்டை வீட்டாரின் கடமை.

இன்றே செய்யக்கூடியது

வீட்டுக்குப் பின்னாலோ தோட்டத்து ஓரத்திலோ, எங்கிருந்தாவது மின்கம்பி இழுத்துக் கட்டியிருப்பது தெரிந்தால், அதைக் கட்டியவர் உறவினராக இருந்தாலும் இன்றே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மறுத்தால் போலீசில் சொல்லத் தயங்கக் கூடாது. அடுத்து, விழுந்த பழத்தையும் திறந்த குப்பையையும் அப்புறப்படுத்தலாம். அதற்குப் பிறகு வேலிக்கு அளவெடுக்கலாம். பிடுங்கிய மரவள்ளியை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். கம்பியில் போன உயிருக்கு அடுத்த பருவம் கிடையாது.